உறவுமுறை

பதினொரு வருசம் முழங்காலில் நின்றேன்.
கும்பிடுவதற்கல்ல.

ஒரு மீற்றர் அகலப் பாதை,
இரண்டு பக்கமும் சிவப்பு முனைத் தடிகள்,
மூச்சு படிந்து மங்கும் முகக்கண்ணாடி,
கையில் ஒரு குட்டி விறாண்டி.
மாங்குளத்துக்குக் கிழக்கே பாலைக்காடு
விரற்கடை விரற்கடையாக வழிவிட்டது.

ஒருநாள் தண்ணீர்ப் போத்தலுக்காக எழும்பினேன்.
வலது முழங்கால் கறக்கென்றது.
அடுத்த பாதையில் கௌரிமலர்
தூக்கிய காலைக் கீழே வைக்காமல்
அப்படியே நின்றாள்.
"என்ர கால்தான்" என்றேன்.
பிறகுதான் மூச்சு விட்டாள்.

டொக்டர் படத்தை யன்னலோரம் பிடித்தார்.
"குருத்தெலும்பில ஒரு குழி.
ரெண்டு ரூவாக் குற்றி அளவு."
குழி என்றால் எனக்குத் தெரியும்.
ஆழம் எவ்வளவு என்று கேட்டேன்.
"எலும்பு மட்டும்."

அதற்கு இரத்தம் போவதில்லையாம்.
நரம்பும் இல்லையாம்.
தேய்ந்தாலும் அதற்குத் தெரியாது,
தானாக மாறவும் மாட்டாது.
நோகிறது கீழே இருக்கிற எலும்பு.
இத்தனை வருசமும் நான் திட்டியது
ஒன்றும் அறியாத ஒன்றை.

பாரம் படாத ஓரத்தில்
பயறளவு கிள்ளி எடுப்பார்களாம்.
கொழும்பில் வைத்து வளர்ப்பார்களாம்.
ஆறு கிழமையால் அதே காலுக்குள் திருப்பி.
"நாற்றுமேடை மாதிரியோ?"
சிரித்தார்.
ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் இல்லை.

காப்புறுதி பாதி. மீதி
கிளிநொச்சி வங்கியில் என் சங்கிலி.

படிவத்தில் எழுதியிருந்தது:
கொடுப்பவர் பெயர். இந்திரமலர் சின்னராசா.
பெறுபவர் பெயர். இந்திரமலர் சின்னராசா.
இருவருக்குமான உறவுமுறை.
எழுதுவினைஞர் பேனையைத் தூக்கிப்பிடித்தபடி
என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
வெளியே மருந்து எடுக்கும் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
ஒரு சின்னக் கோடு கீறிவிட்டு
அடுத்த தாளைப் புரட்டினார்.

மூன்றாம் கிழமை ஒரு தொலைபேசி.
ஆய்வுகூடத்துப் பிள்ளை, சமில்கா.
தமிழை எண்ணி எண்ணி எடுத்து வைத்தாள்:
"அக்கா, உங்கட செல் நல்லா இருக்கு.
சாப்பிடுது. கூடுது."
என்ன சாப்பிடுகிறது என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.
அன்றிரவு எனக்குத்தான் பசித்தது.
இரண்டு தரம் புட்டுச் சாப்பிட்டேன்.

ஒரு கோடியே இருபது லட்சமாம்.
நான் தோண்டி எடுத்த மிதிவெடிகள்
ஆயிரத்து நாற்பத்தாறு,
பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தோடு இருக்கின்றன.
இவற்றை எண்ணியது யார்,
எந்தக் கண்ணாடிக்குப் பின்னால்?
வந்து சேர்ந்தது
ஒரு தேக்கரண்டி கலங்கல் நீர்.

பிறகு கட்டில்.
காலை மடக்கி நிமிர்த்தும் இயந்திரம்,
முப்பது பாகை, நாற்பது,
இரவெல்லாம் தறி மாதிரிக் கடகடத்தது.
ஆறு கிழமை அந்தக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது.
ஒட்டிப்பிடிக்கட்டும் என்றார்கள்.
குழுப்பெண்கள் காசு சேர்த்து
ஒரு கொமட் கதிரை வாங்கி வந்தார்கள்.
கௌரிமலர் அதற்கு ரிபன் கட்டியிருந்தாள்.
தையல் இழுக்கும் அளவுக்குச் சிரித்தேன்.

"இனி முழங்காலில நிக்கலாமோ?"
"பாப்பம்" என்றார் டொக்டர்.
அந்தச் சொல்லுக்கு அளவு இல்லை.

இப்போது கொள்கலன் அறையில் வரைபட வேலை.
காணிக்காணியாகச் சிவப்பைப் பச்சை ஆக்குகிறேன்.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டுமே திரும்பும்.
இரவில் முழங்காலில் கை வைத்துப் பார்ப்பேன்.
தழும்பு வழுவழுவென்று இருக்கும்.
உள்ளே அவர்கள்
என்னோடு கதைப்பதில்லை.

மாசியில் பச்சை ஆக்கிய காணிக்குப்
போனேன், கைத்தடியோடு.
காணிக்காரர் செபரத்தினம் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார்,
முழு உடம்பையும் மண்ணில் சரித்து,
முழங்கால் இரண்டையும் எங்கே வைக்கிறோம் என்று பாராமல்.
பார்க்கக் கோபம் வந்தது.
பிறகு வரவில்லை.

ஒரு கொத்து எறிந்தார். தவறிக் கீழே விழுந்தது.
கௌரிமலர் குனிந்து எடுத்துத் தந்தாள்.
நின்றபடியே ஒன்றை உடைத்தேன்.
மூன்று பருப்பு.
ஒன்று சொத்தை.
மற்ற இரண்டும் பச்சையாக, மண் மணத்தோடு,
நல்ல இனிப்பு.